சீருடை களைந்த பின்

ஒரகடம் சாலையிலுள்ள தொழிற்சாலை வாயில்களில் நம்மை எதிர்கொள்வோருள் பலர் முன்னாள் படைவீரர்கள். 1986-இல் தமிழக அரசு நிறுவிய டெக்ஸ்கோ கழகம் இத்தகைய காவற்பணியை அவர்கட்குப் பெற்றுத் தருகிறது. கண்ணியமான ஊதியம், குறை கூறோம். ஆயினும், நாற்பது வயதளவில் ஓய்வுபெற்று, மலையேறவும் குழுவாய் இயங்கவும் பயின்ற ஒருவருக்கு நாற்காலியும் வருகைப் பதிவேடும் போதுமா?

வடக்கே வேறொரு விடை கண்டனர். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்ததால் மொட்டையாகிப்போன முசூரி மலைகளை மீண்டும் பசுமையாக்க, 1982 டிசம்பரில் ஓய்வுபெற்ற கட்வால் வீரர்களைக் கொண்டே பிராந்திய இராணுவத்தின் சூழலியல் படை ஒன்று டேராடூனில் அமைக்கப்பட்டது. அவர்கள் குழி தோண்டினர், கன்று நட்டனர், மண்ணரிப்பைத் தடுத்தனர். பழகிய ஒழுங்கும் தோழமையும் குலையாமல், தாம் பிறந்த மலைநாட்டிலேயே பணி கிடைத்தது. இதுவன்றோ வீடு திரும்புதல்!

நம் மலைகளிலும் வேலைக்குக் குறைவில்லை. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை மறந்தோமில்லை. கோடைக்கு முன்னரே காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், உயரத்தில் நின்று புகையைக் கண்காணிப்பதும், வாக்கி-டாக்கியில் செய்தி அனுப்புவதும் படைவீரருக்குப் புதியவையா?

இரவுக் காவல் முடித்து ஞாயிறு திருப்பலிக்கு வரும் முன்னாள் ஹவில்தார் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். விண்ணப்பம் எங்கே தரவேண்டும் என்று உடனே கேட்டார்.