கிணற்றடிச் சேதி வீடு தேடி வர எந்தக் கருவி வாங்கலாம்?

காந்திகிராமம், சின்னாளபட்டி, ஆத்தூர் பகுதிகளில் வீடு ஊருக்குள்ளும் தோட்டம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியும் உள்ள விவசாயிகள் பலர். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டியிருக்கிறது. நகரங்களில் தெருவிளக்கையும் தண்ணீர் மீட்டரையும் தூரத்திலிருந்து கவனிக்க உதவும் கம்பியில்லாக் கருவிகள் தோட்டத்துக்கும் வந்துவிட்டன. பணம் போடுமுன் இவற்றின் வேறுபாட்டை அறிவது அவசியம்.

லோரா: இதற்குச் சிம் கார்டு வேண்டாம். மாடியில் ஒரு ரிசீவர் வைத்தால் ஊருக்குள் 2 முதல் 5 கிலோமீட்டர் வரையிலும், திறந்த வெளியில் 10 கிலோமீட்டருக்கு மேலும் சேதி எட்டும். கரடோ அடர்ந்த தோப்போ குறுக்கிட்டால் தூரம் குறையும். சில எண்களை மட்டுமே அனுப்பும்; படம் அனுப்பாது. அதனாலேயே பாட்டரி பல ஆண்டுகள் உழைக்கும்.

என்.பி. ஐ.ஓ.டி.: இது 2016-இல் தரம் வகுக்கப்பட்ட செல்போன் கோபுர முறை. ரிசீவர் செலவு இல்லை. ஆனால் சிம்மும் கட்டணமும் உண்டு. கம்பெனியின் இந்தச் சேவை தோட்டத்தில் கிடைக்க வேண்டும்.

சிக்பாக்ஸ்: இதில் ஒரு கருவி நாளொன்றுக்கு 140 சிறு சேதிகள் அனுப்பலாம். இதை நடத்திய பிரெஞ்சு கம்பெனி 2022 ஜனவரியில் கடனில் முடங்கி, ஏப்ரலில் சிங்கப்பூர் கம்பெனியின் கைக்கு மாறியது. ஒரே கம்பெனியை நம்பும் கருவியில் உள்ள ஆபத்தை இது காட்டுகிறது.

அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரே ரிசீவரில் லோரா மலிவாக முடியும். தனித் தோட்டமாக இருந்து, செல்போன் சிக்னலும் நன்றாக இருந்தால் சிம் கருவியே போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. லோரா கருவி 865–867 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதா என்று கேட்கவும். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ள அலைவரிசை இது. வெளிநாட்டு 915 மெகாஹெர்ட்ஸ் கருவி வேண்டாம்.

2. பாட்டரியில் ஓடும் லோரா கருவி பெரும்பாலும் தான் சேதி அனுப்பிய பிறகே பதிலைக் கேட்கும். ஆகவே மோட்டாரை உடனே நிறுத்த அதை நம்பக்கூடாது. தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும்.

3. விற்பவரை முதலில் தோட்டத்துக்கு அழைத்து, கிணற்றடியிலிருந்து சேதி வருகிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லவும். பணம் அதன் பிறகுதான்.