‘மலையாளி’ என்றால் கேரளாவா? கரியாலூரில் ஒரு சொற்பாடம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வரும் ஊர் கரியாலூர். படகுத்துறை, பூங்கா என்று சுற்றிவிட்டு, அங்கே யாரிடமாவது “நீங்க என்ன ஆளுங்கய்யா?” என்று கேட்டுப் பாருங்கள். “நாங்க மலையாளிங்க” என்று நல்ல தமிழில் பதில் வரும்.

வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும். “அப்போ கேரளாவா? மலையாளம் பேசுவீங்களா?” என்பார்கள். இரண்டுமே இல்லை! கல்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று அவர்கள் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் கதை. 1909-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்ற ஏழு தொகுதி நூலிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது கேரளத்தவருக்கும் இவர்களுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். படிப்பவர் எந்த மலையாளியை நினைப்பார்?

மனைவியா, விலங்கா?

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எல்லா மொழியிலும் உண்டு. ஸ்பானிய மொழியில் ‘சியர்ரா’ என்றால் ரம்பம்; மலைத்தொடருக்கும் அதே சொல்தான். ரம்பப் பல் போன்ற சிகரங்களைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ‘முன்யேகா’ என்றால் மணிக்கட்டு, பொம்மை இரண்டும். ‘எஸ்போசாஸ்’ என்றால் மனைவிமார். கைவிலங்குக்கும் அதே பெயர்! (வீட்டில் படித்துக்காட்டும்போது ஜாக்கிரதை.)

அங்கே பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், மனுவிலும் சான்றிதழிலும் பொருள் மாறினால்?

காட்டுக்குப் போறேன்!

‘காடு’ என்றதும் நகரத்துப் பிள்ளைக்கு யானையும் புலியும் நினைவுக்கு வரும். சேலம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒருவர் “காட்டுக்குப் போறேன்” என்றால், மானாவாரி நிலத்தில் களை எடுக்கக் கிளம்பியிருப்பார். மலையில் சாமையும் தினையும் விளைகிற நிலமும் காடுதான்.

வன உரிமைச் சட்டம், 2006 இந்தச் சொல்லுக்கு அருகில்தான் வருகிறது. வனநிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் செய்து பிழைக்கும் பழங்குடிக் குடும்பம், அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கை முதலில் கிராம சபைக்குப் போகும். “எங்க காட்டுல தாத்தா காலத்திலிருந்து சாமை போடுறோம்” என்று பெரியவர் சொல்ல, எழுதுபவர் அதை ஆங்கிலத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் என்ன ஆகும்? உழுத நிலத்தைப் பற்றிச் சொன்னது, மரங்கள் அடர்ந்த வனத்தைக் கேட்டதுபோல ஆகிவிடும். அங்கே எழுத வேண்டியது ‘பயிர் செய்யும் நிலம்’.

ஒரே பெயர், இரண்டு நிலை

‘மலையாளி’ என்ற சொல்லோ இன்னும் ஆழமாக வெட்டுகிறது. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் உண்டு. ஆனால், பக்கத்திலேயே மாவட்டங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. எல்லாம் பழைய, பிரிக்கப்படாத மாவட்டங்கள். 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம் பழைய தென்னார்க்காட்டில் இருந்த பகுதி. அதனால் கரியாலூர் மலையாளிகள் பழங்குடியினர்.

ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். அந்தப் பகுதி முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அங்குள்ளவர்கள் தங்களையும் சேர்க்கச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். கல்வி, வேலை ஒதுக்கீட்டோடு இது முடியவில்லை. பழங்குடி அல்லாதவர் வன உரிமை கேட்டால், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு மலையில் போதுமான சொல், இன்னொரு மலையில் போதவில்லை.

மலையாளிகள் பலர் பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ என்றும் போடுவார்கள். ஊர்த்தலைவரும் அங்கே ஊர்க்கவுண்டர்தான். சமவெளியில் வேறு பல சமூகத்தினரும் அதே பட்டத்தைப் போடுவதால், அந்த ஒரு சொல்லை வைத்து ஒருவர் யாரென்று முடிவு செய்துவிட முடியாது.

கேட்டுவிட்டு எழுதுங்கள்

இன்று எல்லோர் கைபேசியிலும் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. தாத்தாவின் மனுவைப் பேத்தியே ஆங்கிலத்தில் மாற்றிவிடலாம். நல்லதுதான். ஆனால், அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘மலையாளி’ என்று மட்டும் விடாமல், பட்டியலில் இருப்பவரென்றால் ‘பழங்குடியினர்’ என்று சேர்த்து எழுதுங்கள். ‘காடு’ வந்தால், “விளையிற காடா, மரம் நிக்கிற காடாய்யா?” என்று கேளுங்கள்.

அகராதி ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் தரும். அதில் எது சரி என்பது அந்த ஊர்ப் பெரியவருக்குத்தான் தெரியும்.