வலைக்கண்

ஐவகை நிலங்களுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும். அந்நிலத்து வாழ்ந்த பரதவர் கலமும் வலையும் கொண்டு கடல் வளம் கண்டனர். அத்தொன்மைத் தொழில் இன்றும் சிறந்து விளங்கும் இடங்களுள் ஒன்று வட சென்னையில் உள்ள காசிமேடு ஆகும். இராயபுரத்தை அடுத்த அம்மீன்பிடித் துறைமுகத்தில், கதிரவன் எழுமுன்பே ஏலக் குரல் எழும். விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன்கள் இறங்கும்.

அங்கே ஒருபுறம் கை நீளத்திற்கு மேற்பட்ட வஞ்சிர மீன்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும். அவற்றைப் பெற வணிகர் போட்டியிட்டு விலை கூறுவர். மற்றொருபுறம் விரல் நீளமே உள்ள பலவகைக் குஞ்சுகள் ஒன்றோடொன்று கலந்து குவிந்திருக்கும். கறிக்கு உதவாத அக்குவியலைக் கழிவு மீன் என்பர். அது காயவைத்து அரைக்கப்பெற்றுக் கோழித் தீவனமாகும். ஒரே கடல் தந்த இவ்விரு குவியல்களுக்கும் இத்துணை வேறுபாடு எதனால் வந்தது? மீன் வாழும் ஆழமும் பருவமும் ஓரளவு காரணமாகும். ஆயினும், பெரிய காரணம் வலையின் அமைப்பேயாம். அதிலும் சிறப்பாக வலையின் கண்ணேயாம்.

நூலோடு நூல் முடிச்சிட்டுப் பின்னுங்கால் இடையில் உண்டாகும் துளையே வலைக்கண். பண்டு மீனவர் கையால் வலை பின்னிய காலத்தில், ஒரு சிறு பட்டையின்மீது நூலைச் சுற்றி முடிச்சிட்டனர். ஆதலின் எல்லாக் கண்களும் ஒரே அளவாக அமைந்தன. இன்று நைலான் போன்ற செயற்கை இழைகளால் இயந்திரங்களே வலைகளைப் பின்னுகின்றன. கண்ணை நீளவாக்கில் இறுக இழுத்துப் பிடித்து, எதிரெதிராக உள்ள இரு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவை அளப்பது வழக்கம். அவ்வாறு அளந்து 40 மில்லிமீட்டர் உள்ள கண்ணின் ஒவ்வொரு பக்கமும் 20 மில்லிமீட்டர் இருக்கும். அதன் சுற்றளவு 80 மில்லிமீட்டர் ஆகும். மீனின் உடற்சுற்று இதனினும் பெரிதாயின், அம்மீன் அக்கண் வழியே எளிதில் வெளியேறுதல் இயலாது.

வலைகள் பல வகைப்படும். அவற்றுள் செவுள்வலை என்பது நீரில் திரைபோலத் தொங்குவது. மேற்கயிற்றில் கட்டிய மிதவைகள் அதனை உயர்த்த, கீழ்க்கயிற்றில் கட்டிய குண்டுகள் அதனைத் தாழ்த்தும். மெல்லிய நூலாதலின் மீனின் பார்வைக்கு அஃது எளிதில் புலப்படாது. வரும் மீன் தன் தலையைக் கண்ணுள் நுழைக்கும். உடல் பருத்த இடத்தில் தடைப்பட்டுப் பின்வாங்க முயலும்போது, நூல் செவுளின் பின்னே மாட்டிக்கொள்ளும். சிறிய மீன் தடையின்றிக் கண்ணைக் கடந்து போகும். மிகப் பெரிய மீனோ தலையை நுழைக்கவும் இயலாமல் விலகிவிடும். எனவே ஒரு குறித்த கண்ணளவுள்ள செவுள்வலையில், பெரும்பாலும் ஒரு குறித்த அளவுடைய மீன்களே சிக்கும். கண் ஒன்றரை மடங்காகுமானால், சிக்கும் மீனின் நீளமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். உருசிய நாட்டு அறிஞர் பரனோவ் இவ்வுண்மையைக் கணக்கியல் முறையில் விளக்கினார். வஞ்சிரத்திற்கு அகன்ற கண்ணும், நெத்திலிக்கு நுண்ணிய கண்ணும் கொண்ட வலைகளை நம் மீனவர் தனித்தனியே வைத்திருப்பது இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்தமையாலேயாம்.

விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவலையின் இயல்பு வேறு. அது பெரியதொரு பை போன்றது. அதன் வாயின் இருமருங்கிலும் கட்டிய பலகைகள் நீரின் விசையால் விலகி, வாயை அகல விரிக்கும். வாய்ப்பகுதியில் பெரியனவாய் உள்ள கண்கள் பின்னே செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகும். இறுதியில் உள்ள பை மடி எனப்படும். வாயுள் புகுந்த மீன்கள் நீந்திக் களைத்து மடியைச் சென்றடையும். தப்பும் சிறு மீன்களுட் பெரும்பாலானவை அங்கிருந்தே தப்ப வேண்டும். ஆகவே இழுவலையில் எவ்வளவு சிறிய மீன் அகப்படும் என்பதை மடியின் கண்ணே பெரிதும் உறுதி செய்கிறது.

கண்ணின் அளவு மட்டும் போதுமோ எனின், போதாது. அதன் வடிவமும் வேண்டும். வழக்கமான வலையில் கண்கள் சாய்சதுர வடிவில் அமையும். மடியில் மீன் நிறைந்து பாரம் மிகும்போது வலை பின்னோக்கி இழுபடும். அப்பொழுது சாய்சதுரக் கண்கள் நீண்டு ஒடுங்கி, ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அளவில் அகன்ற கண்ணும் பயனளவில் குறுகியதாகிவிடும். அதே வலைத்துணியைச் சற்றே திருப்பி, நூல்கள் இழுவிசைக்கு நேராகவும் குறுக்காகவும் அமையுமாறு மடியைத் தைத்தால், கண்கள் சதுரமாக இருக்கும். பாரம் ஏறினாலும் அவை மூடுவதில்லை. குஞ்சுகள் அவ்வழியே வெளியேறும். 1957-ஆம் ஆண்டில் தோன்றிய, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இச்சதுரக்கண் மடியைப் பரிந்துரைத்து வருகிறது.

குஞ்சுகள் தப்புகின்றன என்பதை எவ்வாறு அறிவது? மடியைச் சூழ்ந்து மிக நுண்ணிய கண்ணுள்ள மற்றொரு பையைக் கட்டி இழுப்பர். மடியிலிருந்து தப்பிய மீன்கள் வெளிப்பையில் தங்கும். இரண்டிலும் உள்ளவற்றை நீளவாரியாக எண்ணி ஒப்பிடுவர். எந்த நீளமுள்ள மீன்களுள் பாதி அகப்பட்டுப் பாதி தப்புகின்றனவோ, அந்நீளமே அம்மடியின் திறத்தைக் காட்டும் அளவாகக் கொள்ளப்படும்.

இத்துணை ஆராய்ச்சி எதற்கு? கானாங்கெளுத்தியை எடுத்துக்கொள்க. அண்டை மாநிலமாகிய கேரளம் 2015-ஆம் ஆண்டு முதற்கட்டமாகப் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச நீளங்களை அறிவித்தது. அவற்றுள் இம்மீனுக்கு 14 சென்டிமீட்டரும், மத்திக்கு 10 சென்டிமீட்டரும் குறிக்கப்பட்டன. 7 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கானாங்கெளுத்திக் குஞ்சு 14 சென்டிமீட்டர் வளர்ந்தால், நீளம் இருமடங்காகும். ஆனால் அகலமும் பருமனும் உடன் வளர்தலால், எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதுவன்றி, முதிர்ந்த மீன் முட்டையிட்டு இனத்தைப் பெருக்கும். குஞ்சாய் இருக்கும்போதே அதனைப் பிடித்துத் தீவனமாக்குவது விதைநெல்லைக் குத்தி உண்பதை ஒக்கும்.

இக்கருத்தாலேயே, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் உள்ள விதிகள் இழுவலை மடியின் கண்ணுக்கு எல்லை வகுத்துள்ளன. அது 40 மில்லிமீட்டருக்குக் குறைதல் ஆகாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமையும் இந்நோக்கம் பற்றியதே. ஆயினும் தடைக்காலத்தில் பிறந்து வளரும் குஞ்சுகள், தடை நீங்கிய மறுநாளே நுண்கண் மடியில் அகப்படுமாயின், 61 நாள் நோன்பின் பயன் பெரிதும் குறையும்.

விதி இருந்தும் நுண்கண் மடிகள் ஏன் ஒழியவில்லை? மீனவர் அறியாமையால் அன்று. இறாலும் சிறு கணவாயும் உருவிற் சிறியன, விலையிற் பெரியன. கண்ணை அகற்றினால் குஞ்சோடு அவற்றுட் சிலவும் தப்பிவிடும். நெத்திலி போன்றவை முழு வளர்ச்சி பெற்றும் சிறியனவாகவே இருப்பவை. சிறிய மீன் யாவும் குஞ்சல்ல. பல்வகை மீனும் கலந்து வாழும் நம் கடலில், எல்லாவற்றிற்கும் பொருந்தும் ஒரே கண் இல்லை. டீசல், பனிக்கட்டி, ஆட்கூலி ஆகிய செலவுகளோ கரை திரும்பும்போது காத்து நிற்கின்றன. மேலும், “நான் விட்ட குஞ்சை அடுத்த படகு அள்ளிக்கொள்ளுமே!” என்னும் எண்ணமும் எழுகிறது. இவ்வெண்ணத்தால் சிலர் அகன்ற கண் மடியின் உள்ளே நுண்கண் வலையொன்றை மறைவாகத் தைப்பதும் உண்டு. ஆகவே ஒருவர் மட்டும் கண்ணை அகற்றுவதால் இழப்பு அவருக்கே. துறைமுகம் முழுதும் ஒருங்கே அகற்றினால் ஊதியம் அனைவருக்கும். விதியும் கண்காணிப்பும் எல்லார்க்கும் ஒத்தனவாக இருக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

சிறியதை விடுவிப்பதேபோல், பெரியதை விடுவிக்கவும் வலையில் வழி செய்யலாம். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. காற்றுண்ண மேலே வர வேண்டிய ஆமை இழுவலையுள் அகப்பட்டால் மூச்சுத் திணறும். மடிக்கு முன்னே சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், மீன்கள் கம்பிகளின் இடையே புகுந்து மடியை அடையும். ஆமை சட்டத்தில் மோதி, அருகில் உள்ள திறப்பு வழியே வெளியேறும். இதுவே ஆமை விலக்குக் கருவி.

வலை என்பது வெறும் நூற்பின்னல் அன்று. எதனைக் கொள்வது, எதனை விடுவது என்று கரையிலேயே செய்யப்படும் முடிவு அது. அம்முடிவு வலை நீரில் இறங்கும் முன்பே முடிச்சுகளுக்கு இடையே எழுதப்பட்டுவிடுகிறது. இன்று கண் வழியே தப்பும் குஞ்சு அடுத்த பருவத்தில் எட்டு மடங்கு எடையோடும், தன் இனத்தோடும் திரும்பி வரக்கூடும். அதனைப் பிடிக்கும் உரிமை, இன்று படகேறும் தந்தைக்கு மட்டும் அன்று. நாளை படகேறப் போகும் மகனுக்கும் உரியது.