மணம் வந்த வழி – 9: ஒரே மரம், மூன்று எண்ணெய்

கறுவா மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பிரியாணியில் போடும் பட்டையின் வாசம் வராது. கிராம்பு வாசம் வரும். பட்டை எண்ணெயில் மிகுதியாக இருப்பது சின்னமால்டிஹைடு, இலை எண்ணெயில் யூஜினால், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரம். மூன்றும் ஒரே மரத்தில் பிறப்பவை, குணத்தில் வேறானவை.

இந்த மரத்தின் தாயகம் இலங்கை. விவிலியத்தின் யாத்திராகமத்தில் வரும் அபிஷேகத் தைலத்திலும் இலவங்கப்பட்டை எனப்படும் கறுவாப்பட்டை உண்டு. ஆனால் அது காய்ச்சி வடித்தது அல்ல. நறுமணப் பொருள்களை ஒலிவ எண்ணெயோடு சேர்த்துச் செய்தது. மணத்தைத் தனியே பிரித்தெடுக்கும் கலை, வாலை வடித்தல் வளர்ந்த பிறகே கைகூடியது.

கறுவாவுக்காகவே போர்த்துகீசியர் இலங்கையில் காலூன்றினர். 1656-ல் டச்சுக்காரர்கள் கொழும்பைப் பிடித்தனர். காட்டிலிருந்து பட்டை உரித்துத் தரும் கட்டாய ஊழியம் சலாகம சமூகத்தின் தலையில் விழுந்தது. கள்ளத்தனமாக விற்றால் மரண தண்டனை. 1760-களில்தான் டச்சுக்காரர்கள் கொழும்பு மருதானையில் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பு 7 இன்றும் கறுவாத் தோட்டம் என்றே அழைக்கப்படுகிறது.

உரிக்கும் வேலை இன்றும் கைவேலைதான். மழைக்குப் பின் பட்டை இளகியிருக்கும்போது கிளைகளை வெட்டுவார்கள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் கழற்றுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்தினால் சுருள் தயார். இந்தத் திறமை ஒரு நாளில் வருவதில்லை. பட்டையின் விலையில் பெரும்பங்கு இந்தக் கைகளுக்கே உரியது.

சுருளாகத் தேறாத துண்டும் துணுக்கும் பட்டை எண்ணெய்க்குப் போகின்றன. வெட்டிய கிளைகளின் இலைகள் இலை எண்ணெய்க்கு. சின்னமால்டிஹைடு தனியே கொதிக்க 248 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நீராவியோடு சேர்ந்தாலோ 100 டிகிரிக்குள்ளேயே ஆவியாகி வந்துவிடும். குளிர்ந்ததும் எண்ணெய் மிதப்பதில்லை. தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் செரியாமைக்கும் வாயுவுக்கும் பட்டை பயன்பட்டது. யூஜினால் மரத்துப்போகச் செய்யும் என்பதால் பல்வலிக்கு இலை எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள். சோப்பு, வாசனைப் பொருள்களுக்குப் போவதும் பெரும்பாலும் இலை எண்ணெயே. விலையுயர்ந்த பட்டை எண்ணெய் தின்பண்டங்களுக்கும் உயர்ரக நறுமணங்களுக்கும் சொட்டுச் சொட்டாகச் செலவாகிறது. இதை நீர்க்காமல் தோலில் தடவினால் எரிச்சலும் புண்ணும் வரும், குடிக்கவே கூடாது.

2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சின்னமன்’ பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. பெயருக்குக் காப்பு கிடைத்துவிட்டது. வாங்குபவரின் கவனமும் சேர வேண்டும். குப்பியில் ‘இலவங்கப்பட்டை எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பட்டையா இலையா, இலங்கைக் கறுவாவா, அதன் உறவு மரமான சீனக் காசியாவா என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் கலப்படம் குறையும், உரிக்கும் கைக்கும் உரிய கூலி போய்ச் சேரும்.

(அடுத்த வாரம்: கிராம்பு)