பலம் பெறும் வழி: இறக்கத்தின் கணக்கு

திங்களன்று முழுப்பளு, புதனன்று இலேசு, வெள்ளியன்று நடுத்தரம் என்ற வாரக் கிரமத்தைச் சென்ற இதழில் வகுத்துக்கொண்டோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இவ்வாரம் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் புதன்கிழமை என்னை விட்டபாடில்லை.

ஏற்காட்டிலிருந்து சேலத்து அடிவாரம் வரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கால்நடையாக இறங்கிப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தை அறிந்திருப்பார்கள். ஏறும்போது வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கிய சரீரம், இறக்கத்தை அதிகச் சிரமமின்றிக் கடந்துவிடுகிறது. ஆயினும் மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமல் தொடை கடுப்பது பெரும்பாலும் இறங்கியவனுக்குத்தான். பளுவை உயர்த்தச் சுருங்கும்போது படுவதைவிட, அதைத் தாங்கி நீண்டுகொண்டே தாழ்த்தும்போதுதான் தசையின் நுண்ணிழைகள் அதிகம் நைந்துபோகின்றன. தினமும் ஏறியிறங்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்த உபாதை அரிது. ஒருமுறை பட்ட தசை மறுமுறை தாங்கப் பழகிவிடுகிறது.

இதைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் 1952-ஆம் வருஷத்துப் பரிசோதனை ஒன்று அகப்பட்டு, என் வாரம் முழுவதையும் ஆட்கொண்டுவிட்டது. அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, சங்கிலியால் பிணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்துத் தடுக்கும்படி அமைத்தார்கள். இருவர் காலிலும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் தடுத்தவருக்குச் செலவான பிராணவாயுவோ பல மடங்கு குறைவு! லண்டன் ராயல் சொஸைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவமுடைய பிரெண்டா பிக்லண்ட் அம்மையார் அலட்டிக்கொள்ளாமல் தடுத்துக்கொண்டிருக்க, ஆகிருதியில் பெரியவரான ஆண் ஒருவர் மிதித்து மிதித்துக் களைத்துப்போனார்.

தசை படும் பாட்டுக்கு அன்றைய மூச்சும் வியர்வையும் போதிய சாட்சி ஆகா என்பது இதனால் விளங்கும். தசைநோவு உச்சத்தை எட்டுவது 24 முதல் 72 மணிக்குள். திங்களன்று ஸ்குவாட் செய்தவனுக்குப் புதன்கிழமை சரியாக 48-வது மணியில் வந்து நிற்கிறது. ஆகவே திங்களன்று 100 கிலோவோடு ஐந்தைந்து தடவையாகக் குந்தி எழுந்தவன் புதனன்று 70, 75 கிலோவோடு நிறுத்திக்கொள்வது சோம்பல் அன்று; அதுவும் அப்பியாசத்தின் ஓர் அங்கமே. மூச்சு வாங்கவில்லையே என்ற ஒரே காரணத்துக்காக நம் இளைஞர்கள் அன்றைக்கும் தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம், 77 கிலோ பிரிவில், ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இத்தகைய வீரர்கள் தலைக்கு மேல் நிறுத்திய பளுவை மெல்லத் தாழ்த்துவதில்லை. அப்படியே மேடையில் போட்டுவிடுகிறார்கள். தாழ்த்தும் வேலை குறைவானதால்தான் வாரத்தில் அத்தனை தடவை அவர்களால் அதை எடுக்க முடிகிறது. ஆனால் ஸ்குவாட்டை அவர்களும் தவிர்க்க முடியாது. அதை வாரத்தில் எங்கே வைக்கிறார்கள் என்பதை, பாக்கி நிற்கும் வெள்ளிக்கிழமையோடு சேர்த்து அடுத்த இதழில் பார்க்கலாம்.