குடலில் கசியும் காவல்

கால் வீங்கிய நோயாளியைக் கண்டால் சிறுநீரகமா, ஈரலா, இதயமா என்றே மருத்துவர்கள் முதலில் ஆராய்வர். மூன்றும் பழுதின்றி இருந்தும் இரத்தத்தில் புரதம் குறைந்துகொண்டே போகிறவர்கள் உண்டு. இத்தகையோரிற் சிலருக்குக் குடல் வழியே புரதம் வெளியேறுவதை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் வால்ட்மன் எடுத்துரைத்தார். குடற்சுவரிலுள்ள நிணநீர் நாளங்கள் விரிந்து, நிணநீரைக் குடலுக்குள் கசியவிடும் அரிய நோய் இது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படுகிறது.

வாசகர்களே, கசிவது புரதம் மட்டுமன்று. நோயெதிர்ப்புக்குரிய வெள்ளணுக்களும் நிணநீரோடு போய்விடுகின்றன. எச்.ஐ.வி. கிருமி அழிக்கும் அதே சிடி4 அணுக்கள், இங்கே அழிக்கப்படாமலே தொலைந்துபோகின்றன.

இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை. புறா எச்சம் கலந்த மண்ணில் இது மிகுதி. தூசியோடு மூச்சில் புகுந்து, நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையுறையை அடைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. எனவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

இது ஓசையின்றி வளரும் நோய். வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை, பேச்சிலும் நடத்தையிலும் தடுமாற்றம் ஆகியவை தோன்றும். கடுங்காய்ச்சலோ கழுத்து விறைப்போ இல்லாமலும் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி என்றெண்ணி மாத்திரை விழுங்கியே நாள் கடத்துவோர் உண்டு. எச்.ஐ.வி. இல்லை என்றதும் இந்தப் பூஞ்சையின் நினைவு மருத்துவருக்கே எழாமற் போகலாம். ஆதலால் பழைய குடல் நோயை மறவாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுப்பதென்றால் நம்மவர் கை கால் முடங்கிவிடுமோ என்று அஞ்சிக் கையொப்பமிடத் தயங்குகின்றனர். முதுகுத் தண்டு முடிவடையும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. அந்நீருடன் இந்திய மை கலந்து நுண்நோக்கியில் பார்த்தால், கரிய பின்னணியில் பூஞ்சை ஒளிவட்டத்துடன் தெரியும். மையில் தெரியாததையும் ஆன்டிஜென் சோதனை பெரும்பாலும் காட்டிவிடும். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தவருக்கு நீரை மீண்டும் மீண்டும் வடிப்பது சிகிச்சையும் ஆகும். பார்வையைக் காப்பதும் பல வேளைகளில் அதுவே.

ஆம்போடெரிசின்-பி, ஃப்ளூசைட்டோசின் மருந்துகளில் தொடங்கி, பின்னர் பல மாதங்கள் ஃப்ளூகோனசோல் தரப்படுகிறது. தலைவலி நின்றதும் மருந்தை நிறுத்தலாகாது. குடற்கசிவைக் குறைக்க, கொழுப்பு குறைந்த உணவோடு எம்.சி.டி. எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது. இது தேங்காய் எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுகிறது என்பது உண்மையே. அதற்காகத் தேங்காய் எண்ணெயையே தாராளமாக ஊற்றிச் சமைத்துவிடாதீர்கள். கசிவைப் பெருக்கும் கொழுப்பும் அதில் உண்டு.