பயிலும் வைத்தியரும் கண்ணாராய்ச்சியும்

மருத்துவம் பயில்வோர்க்கு ஆராய்ச்சிப் பரிசில் எதற்கு, கற்றுத் தேறியபின் ஆராயட்டுமே என்பாருளர். 1968 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று நியூயோர்க்கிற் பயிற்சி பெற்ற பற்றீசியா பாத் என்னும் கறுப்பின அம்மையாரின் வரலாறு இதற்கு மறுமொழியாகும். கறுப்பினத்தார் மிக்கு வாழும் ஹார்லெமின் கண்மருத்துவப் பகுதிக்கு வந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பார்வையிழந்தோர் அல்லது பார்வை குன்றியோர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பகுதியிலோ அத்தகையோர் மிகச் சிலர். இரண்டிடத்தும் பணிபுரிந்த அவர், பதிவுகளை ஆராய்ந்து, வெள்ளையரினும் கறுப்பினத்தாரிடையே பார்வையிழப்பு இருமடங்கெனக் கண்டார். சிகிச்சை எட்டாமையே பெருங்காரணம் என்றார். தம் ஆசிரியர்களை இசைவித்து, ஹார்லெமிலேயே கட்டணமின்றிக் கண் சத்திரசிகிச்சை நிகழச் செய்தார். இரு வாயிலிலும் நின்ற பயிலுநர்க்கே இவ்வேற்றுமை புலப்பட்டது. நிபுணர் பெரும்பாலும் ஒரு வாயிலோடு அமைந்துவிடுவர்.

நமக்கு அண்மையது மதுரை. அங்கு 1994 ஆம் ஆண்டில் மூன்று மாதத்துள் வந்த கருவிழிப் புண்ணாளர் 434 பேரை ஆராய்ந்தபொழுது பாதிக்கு மேற்பட்டோர் உழவராயிருந்தனர். சுணையோ மண்ணோ கருவிழியைக் கீற, அக்கீறல்வழிப் பங்கசு புகுந்து புண்ணாக்கும். காலந்தாழ்த்தாது மருந்திடின் புண் பெரும்பாலும் தோன்றாது. நம் படுவான்கரை வயல்களிலும் வேளாண்மை வெட்டுங்காலத்திற் சுணைபட்ட கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டு, வேலை முடியட்டும் என்று காத்திருந்தோரை யான் இளமையிற் கண்டதுண்டு. அவருள் எத்துணைப்பேர் பார்வையிழந்தனர் என்று எவரும் எண்ணினாரல்லர். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர்க்கு ஒரு போகத்து வழிச்செலவும் ஒரு பதிவேடும் பரிசிலாக அளித்தால், வாவியைக் கடந்து சென்று அவர் எண்ணிவருவார்.